டெக்ஸஸ் மண்ணில் ஒரு கால்

ராய்ஸ் டாகெட் டெக்ஸஸில் கால் வைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன். ஆறு மாதமாக நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது என் தொழில். பதினேழு வருடத்தில் நாய்க்கடி பட்டிருக்கிறேன், சூடான காபியில் அபிஷேகமும் ஆகியிருக்கிறது. இவனைப் போல ஒரு விலாங்கு மீனை மட்டும் பார்த்ததில்லை.

ராய்ஸ் கைவிட்டுப் போன கார்லீனின் மூன்று வயது மகள் மேவிஸுக்குக் காது கேட்காது. ஆபரேஷன் செய்தால் கேட்கும். ராய்ஸின் கம்பெனி இன்சூரன்ஸில் பிள்ளையின் பெயர் ஏறினால் ஆபரேஷன் நடந்துவிடும். அவனோ அது என் பிள்ளையே இல்லை என்கிறான். அர்கன்ஸாஸில் வழக்குப் போட்டால் லூசியானாவுக்குப் போனான். அங்கே காகிதம் போய்ச் சேர்வதற்குள் ஒக்லஹாமா. கார்லீன் இருக்கும் டெக்ஸஸின் கோர்ட்டோ, அவன் இந்த மண்ணில் நிற்கும்போது சம்மன் கைக்குப் போனால்தான் அவனைக் கட்டும். கட்டிவிட்டால் பிறகு எங்கே ஓடினாலும் விடாது. அது அவனுக்கும் தெரியும். "டெக்ஸஸ் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று போனில் சிரித்தானாம், பாவி.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், டெக்ஸர்கானாவில் கார்லீன் பரிமாறும் கடையில் கெளுத்தி மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். அவள் தட்டைக் கீழே போட்டாள்.

"டெல்மாக்கா! அங்க பாருங்க, ராய்ஸ்!"

எதிரே, இரண்டு மாநில எல்லைக்கோட்டின் மேலேயே கட்டிய தபால் நிலையத்தின் முன்னால், புதுக் காதலியோடு நின்றான். ஊருக்கு வருகிற ஜோடியெல்லாம் அங்கே ஒரு கால் டெக்ஸஸிலும் ஒரு கால் அர்கன்ஸாஸிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும். அவள் ஆசைப்பட்டிருப்பாள். திங்கட்கிழமை முதல் அவனுக்கு அலாஸ்காவில் வேலை என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை டெக்ஸஸில் சம்மன் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு விட்டால் போச்சு!

"நான் கூப்பிடறேன்கா. பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னா வருவான்."

"வாயத் தெறக்காத! ஏமாத்தி வரவெச்சா சம்மன் செல்லாது. அவனா வரணும்."

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் வலது கால் டெக்ஸஸில், இடது கால் அர்கன்ஸாஸில். பாதி மனிதனை எந்த ஜட்ஜிடம் போய்க் காட்டுவது? போனை நோண்டுவதுபோல் நின்றேன்.

"கொடிக்கம்பம் உன் தலையில மொளைச்ச மாதிரி இருக்கு, ராய்ஸ். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளேன்" என்றாள் காதலி, டெக்ஸஸ் பக்கம் கையைக் காட்டி.

அவன் கீழே கோட்டைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். அவனுக்கு என்னைத் தெரியாது.

"இங்கயே எடு, ஷெல்பி."

"ஐயே! ரெண்டு அடி தள்ளினா கொறஞ்சா போயிடுவே?"

தள்ளினான். ஒரு அடி. இன்னும் ஒரு அடி. அவள் படத்தை எடுத்தாள், நான் பாய்ந்தேன்.

"ராய்ஸ் டாகெட்டா?"

"ஆமா, என்ன?"

கையில் திணித்தேன். "மேவிஸ் விஷயமா டெக்ஸஸ் கோர்ட் உங்களைக் கூப்பிடுது."

நெருப்பை மிதித்தவன்போல அர்கன்ஸாஸ் பக்கம் குதித்தான். "நான் அர்கன்ஸாஸ்லதான் நின்னேன்! ஜட்ஜுகிட்ட அதையேதான் சொல்லுவேன். கிழவி பேச்ச எவன் நம்புவான்?"

கிழவியாம்! எனக்கு ஐம்பத்தெட்டுதான். ஆனாலும் பக்கத்தில் அவன் காதலியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவன் சொல்லுக்கு எதிராக என் சொல் மட்டும்தான்.

"மேவிஸ் யாரு?" என்றாள் ஷெல்பி.

ஏப்ரனோடு ஓடி வந்திருந்த கார்லீன் மூச்சு வாங்கச் சொன்னாள்: "எங்க பொண்ணு. மூணு வயசு. காது கேக்காதுங்க."

"எனக்குப் புள்ள குட்டி கெடையாதுன்னு சொன்னியே?"

"பொய் சொல்றா. வா, போலாம்."

ஷெல்பி நகரவில்லை. போனில் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி எங்களிடம் வந்தாள்.

"ரெண்டு காலும் டெக்ஸஸ் பக்கம் நல்லாத் தெரியுது. கோடும் தெரியுது. யாருக்கு அனுப்பணும், நம்பர் சொல்லுங்க."

கார்லீன்தான் சொன்னாள். பாதி நம்பரிலேயே அழுதுவிட்டாள். மீதியை நான் சொன்னேன்.