குத்தாலம் ஸ்டேஜ்

வாஹித்தின் விரல் கட்டில் சட்டத்தில் ரெண்டு முறை தட்டியது. டொக், டொக். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தது. மறுபடி ரெண்டு. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கட்டில். அவன் தட்டுகிற இடத்தில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து, நகத்தளவுக்கு இரும்பு பளபளவென்று தெரிந்தது. நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மீதியை உட்காரவில்லை. பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

“இந்தத் தட்டு ஒண்ணுதாம்ணே அவியகிட்ட மிச்சம்,” என்றாள் அவன் மனைவி பக்ருன்னிசா. இன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. “தண்ணி கேக்காவளோன்னு பாத்தேன். பொரண்டு படுக்கணுமோன்னு பாத்தேன். பேனப் போட்டேன், அமத்துனேன். யாசீன் ஓதுனேன். எதுக்கும் நிக்க மாட்டேங்குது. டாக்டரு நரம்பு இழுக்குதுன்னு சொல்லிட்டாரு. நரம்பு என்ன எண்ணி எண்ணியா இழுக்கும், நீங்களே சொல்லுங்க? எப்பம் பாத்தாலும் ரெண்டுதான். மூணு தட்டுனதே இல்ல.”

விரல் புண்ணாகிறதே என்று பஞ்சு சுற்றிக் கட்டிப் பார்த்தாளாம். சத்தம் கேட்காமல் அவளுக்குத்தான் தூக்கம் போய்விட்டதாம். அவிழ்த்துவிட்டாளாம். நான் வாஹித்தின் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் குழாய். கண் திறந்திருந்தது, ஆனால் என்மேல் நிற்கவில்லை, சுவர்மேலும் நிற்கவில்லை. நாற்பத்து நாலு வயது. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி எடுத்து, டி.வி.எஸ்.ஸில் மூட்டையாகக் கட்டி, கரிசல் காட்டு ஊர் ஊராகப் போய் விற்றுக்கொண்டிருந்தவன், நாலு மாதத்துக்கு முன்னால் வெயிலில் வண்டியோடு சாய்ந்துவிட்டான். மூளையில் ரத்தம். அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு வந்த இடத்தில்தான் எனக்கே தெரியும். “ஏலே கிட்டு, ஒன் சேக்காளி வாஹித்து கட்டில்ல கெடக்கானாம்லா. போயி மொகத்தக் காட்டிட்டு வா. மனுசன்னா ஒரு இது வேண்டாமா?” என்று அக்கா வெள்ளைத்தாய் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதனால் வந்தேன். பிரியத்தில் வந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

டொக், டொக்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. உலகத்திலேயே அது தெரிந்தவர்கள் ரெண்டு பேர்தான். ஒருவன் கட்டிலில் கிடந்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த இடத்தில் வன்னியபெருமாள் அண்ணாச்சி வீடியோ கேம் கடை வைத்திருந்தார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு இருக்கும். ஆள் உயரத்துக்கு நாலு பெட்டி. அதில் மூன்று ஒத்தை ஆள் ஆடுவது. கடைசியில் சுவரோரம் நின்ற பெட்டிதான் ரெண்டு ஆள் சேர்ந்து ஆடுவது. இடது பக்கம் நீலச் சட்டைக்காரன், அவன் வாஹித். வலது பக்கம் சிவப்புச் சட்டைக்காரன், அவன் நான். ஆட்டைக் கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்துவிட்டு, ஆறு மைல் சைக்கிளை மிதித்து வருவேன். வாஹித் எனக்காக வாசலில் நிற்பான். நான் வராமல் அவன் ஒருநாளும் காசு போட்டதில்லை. பக்கத்தில் கடலை மிட்டாய்க் கம்பெனி. பாகு காய்ச்சுகிற மணம் கடை முழுக்க இருக்கும். மிட்டாய் தின்ற கையோடு எல்லாரும் பிடித்துப் பிடித்து, ஆளை நகர்த்துகிற அந்தக் கம்பி எப்போதும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பு இப்போதும் என் இடது உள்ளங்கையில் இருக்கிறது. எத்தனையோ மிஷினில் கை வைத்துவிட்டேன், அதுமட்டும் போகவில்லை.

முதல் ஸ்டேஜ் காடு. ரெண்டாவது குகை. மூன்றாவது ஸ்டேஜில் ஒரு பெரிய அருவி. அதன் நடுவில் பாறை பாறையாக நீட்டிக்கொண்டிருக்கும், தாவித் தாவி மேலே ஏற வேண்டும். நாங்கள் அதற்கு வைத்த பேர் குத்தாலம். எங்கள் ஊரில் குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்த காலம் அது. பன்னிரண்டு மாதமும் சீசன் இருந்த குத்தாலம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனால் அந்த ஸ்டேஜில் ஒரு கொடுமை உண்டு. முன்னால் ஏறுகிறவனோடு திரையும் மேலே ஏறிவிடும். பின்னால் வருகிறவன் கால் திரையின் அடி விளிம்புக்குப் போய்விட்டால் அவன் காலி. எதிரி சுட வேண்டாம், குண்டு போட வேண்டாம். கூட வந்தவன் அவசரப்பட்டு ஏறினாலே போதும்.

அவசரக்காரன் நான்தான். வாஹித் ஒவ்வொரு பாறையிலும் நின்று நிதானித்துத்தான் தாவுவான். கத்திச் சொல்லவும் முடியாது. கத்தினால் அண்ணாச்சி வந்து சுவிட்சை அமர்த்திவிடுவார். அதுவும் போக, மற்ற மூன்று பெட்டி போடும் சத்தத்தில் காதும் கேட்காது. அதனால் வாஹித் ஒரு வழி கண்டுபிடித்தான். சுடுகிற பொத்தானிலிருந்து ஒரு நொடி கையை எடுத்து, விரலை மடக்கி, பெட்டியின் பலகையில் ரெண்டு தட்டு. பலகை வழியாக என் கைக்கு வந்துவிடும். ரெண்டு தட்டினால், ‘நில்லுல, நான் வாரேன்.’ நான் நின்றுவிட்டு ஒரு தட்டு தட்டுவேன். ஒரு தட்டு என்றால், ‘நின்னுட்டேன், நீ ஏறு.’ அவ்வளவுதான் எங்கள் பாஷை. ஒருநாள் உச்சி வரைக்கும் ரெண்டு பேருமே சாகாமல் போய்ச் சேர்ந்தோம். கடையே கூடி நின்று பார்த்தது. எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். வாஹித் குடிக்கவே இல்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றான். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று வந்ததா என்று கேட்டால், யோசிக்காமல் இல்லை என்றுதான் சொல்வேன். கல்யாணம், பிள்ளை, அம்பத்தூரில் சொந்த வீடு எல்லாம் வந்தது. அது வேறு.

விளையாட்டில் அந்த ரெண்டு தட்டுக்கு நான் ஒருதரம்கூட நிற்காமல் போனதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ரெண்டு பேரும் ஐ.டி.ஐ. முடித்த வருஷம். மெட்ராஸில் ஒரு கம்பெனியில் ரெண்டு பேரையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை, அங்கே வேலை பார்த்த சக்திகுமார் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டான். போனை எடுத்தது நான். “ஒரு எடந்தான்ல இருக்கு. நாளைக்குக் காலையில யாரு வந்து நிக்கானோ அவனுக்குத்தான்.” நான் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு மதியமே மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். வாஹித் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான். அந்தத் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அவன் ரெண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றிருக்கிறான். ரயில் வந்து, நின்று, போன பிறகும் நின்றிருக்கிறான். பார்த்தவர்கள் அக்காவிடம் சொன்னார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் நான் அவனுக்கு ஒரு கடிதம் போடவில்லை, ஒரு போன் செய்யவில்லை. அவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது திட்டிவிட்டானே என்று ஆறியிருக்கும்.

“ஒங்களப் பத்தி ரொம்பச் சொல்லுவாவ,” என்றாள் பக்ருன்னிசா. குழாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பேசினாள். “ரெண்டு பேரும் மெட்ராசுக்குப் போக ஸ்டேசனுக்கு வந்தியளாமே. ரயிலு வந்து நிக்கையில அவியளுக்கு வாப்பா நெனப்பு வந்துட்டாம். நீ போலே, நான் வரலன்னு ஒங்கள ஏத்திவிட்டுட்டு, ரயிலு மறையுறவரைக்கும் கையக் காட்டிட்டு வந்தாவளாம். இன்னைக்கு நெனச்சாலும் அவன் மொகம் வாடிப்போனது கண்ணுல நிக்குன்னு சொல்லுவாவ.”

அட பாவி, என்னைக் கைகாட்டி ஏற்றிவிட்டாயா நீ? பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையா?

“எங்கண்ணன் சபியுல்லா இன்னைக்கு அஸர் தொழுகைக்குப் பெறவு வாராவ,” என்றாள். “என்னையும் பிள்ளையையும் மேலப்பாளையத்துக்குக் கூட்டிட்டுப் போறதா முடிவு பண்ணிட்டாவ. இவியள மதுரப் பக்கம் ஒரு காப்பகத்துல விடணுமாம். மூச்சு மட்டுந்தான் கெடக்கு, ஆளு போயாச்சுங்காவ. ஆளு போயாச்சுன்னா இது யாருண்ணே தட்டுதது? நான் எத்தன தடவ கேட்டாச்சு. ஒரு அர்த்தம் இருக்குன்னு யாராச்சும் ஒரு ஆளு சொன்னாப் போதும், நான் இங்கனயே கெடந்துருவேன்.”

சொல்லாமல் வந்திருக்கலாம். எப்படிச் சொல்லாமல் வருவது? வீடியோ கேம் கடையைச் சொன்னேன், குத்தாலத்தைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன். ரெண்டு தட்டினால் ‘நில்லு’ என்று அர்த்தம் என்றேன். ஸ்டேஷன் கதையைச் சொல்லவில்லை. அந்த ஒரு தட்டையும் சொல்லவில்லை. அது என்னுடையது, அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு கஞ்சத்தனம்.

அவள் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நில்லுன்னா? நிக்கச் சொல்லுதாவளா?” அவள் குரல் உடைந்தது. “யா அல்லா. என்னையத்தான் சொல்லிருக்காவ. எங்கண்ணன் ஆசுபத்திரியில வச்சே இந்தப் பேச்ச எடுத்துட்டாவ, இவிய தலமாட்டுல நின்னுக்கிட்டு. அன்னையிலருந்துதாம்ணே தட்டுதாவ. நாலு மாசமா நில்லு நில்லுன்னு சொல்லிட்டுக் கெடந்திருக்காவ. நான் பேனப் போட்டு அமத்திட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டுக்குள் நான் வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அது உனக்கில்லை அம்மா, எனக்கு, என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத்தான் என்று நினைப்பதே திமிரோ என்னவோ. இருபத்து மூன்று வருஷம் எட்டிப் பார்க்காதவனுக்காக ஒருவன் நாலு மாதம் தட்டுவானா? இல்லை, கூடவே இருந்து கஞ்சி ஊற்றுகிறவளுக்குத் தட்டுவானா?

“அண்ணன் வரட்டும், காட்டுதேன். நீங்களும் இருந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கண்ணே. டீ போட்டுட்டு வாரேன்,” என்று அடுக்களைக்குள் போனாள். நடையே மாறியிருந்தது. பாத்திரம் உருட்டும் சத்தம்கூடச் சந்தோஷமாகக் கேட்டது.

நானும் அவனும் மட்டும் இருந்தோம். டொக், டொக். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன், அவனுக்கு வலது பக்கமாக. அந்தக் காலத்தில் நின்ற அதே பக்கம். “வாஹித்து, நாந்தாம்ல, கிட்டு,” என்றேன். கண் அசையவில்லை. “தப்புத்தாம்ல,” என்றேன். அதற்கும் அசையவில்லை. டொக், டொக். இரும்பின் வழியாக என் மணிக்கட்டுக்கு வந்தது. பலகை வழியாக வந்த மாதிரியேதான் வந்தது. எனக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. யோசிக்கவே இல்லை. விரலை மடக்கி, சட்டத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

நின்னுட்டேன். நீ ஏறு.

அவன் விரல் மேலே வந்தது. அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, பெயிண்ட் போன இடத்தில் படுத்துக்கொண்டது.

ஒரு மூச்சு விடும் நேரம் போயிற்று. பத்து மூச்சு போயிற்று. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். மூச்சு இருந்தது. எப்போதையும்விடச் சீராகவே இருந்தது. தட்டு மட்டும் இல்லை. முதலில் எனக்கு அழுகை வந்தது, கேட்டுவிட்டான், கேட்டுவிட்டான் என்று. அடுக்களையில் டம்ளர் வைக்கிற சத்தம் வந்தபோதுதான் நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது.

பக்ருன்னிசா டீயோடு வாசற்படியில் நின்றாள். கட்டிலைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் காதைத்தான் கொடுத்தாள். “என்னண்ணே, நிப்பாட்டிட்டாவ?” என்றாள்.

நான் என் கையைச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

டீயைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலைத் தடவிவிட்டாள். மறுபடி சட்டத்தின்மேல் எடுத்து வைத்தாள். அது வைத்த இடத்தில் இருந்தது. பள்ளிவாசலில் அஸருக்கு பாங்கு சொன்னார்கள். அது முடிகிறவரை குனிந்தபடியே நின்றாள். வாசலில் ஆட்டோக்காரன் ரெண்டு தரம் ஹாரன் அடித்தான்.

“இவ்வளவு நேரம் இருந்துச்சுல்லா? நீங்களும் கேட்டியல்லா?” என்றாள். “எங்கண்ணங்கிட்டச் சொல்லுவியல்லா?”

“கேட்டேம்மா,” என்றேன்.

வெளியில் பைக் ஒன்று வந்து நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம். “பக்ருன்னிசா” என்று ஒரு ஆண் குரல் கூப்பிட்டது. அவள் திரும்பவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தன் விரலை மடக்கினாள். அவன் விரலுக்கு அருகில், அந்த நகத்தளவு இரும்பில், ரெண்டு தட்டு தட்டினாள்.

பிறகு காதைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வர வேண்டியது ஒரு தட்டு என்பது அவளுக்குத் தெரியாது. நான் எழுந்து நின்றபடி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடியும் ரெண்டு தட்டினாள்.