பிடிபடாத காத்தான்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். பரமத்தி வேலூர் ஆற்றுமணலில் நடக்கும் சடுகுடுப் பந்தயத்தில் பண்ணையார் மருதாசலத்தின் அணி இரண்டு வருஷமாகத் தோற்கவே இல்லை. காரணம் காத்தான். மருதாசலத்தின் பண்ணையில் ஏர் ஓட்டுகிற சேரிக்காரன். மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு அவன் நடுக்கோட்டைத் தாண்டினால் எதிரணியில் ஒருத்தனும் நிற்கமாட்டான். அவனைப் பிடித்தால் தீட்டு, அவன் கை பட்டாலும் தீட்டு. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடித் தாங்களே ஆட்டமிழந்துபோவார்கள். தெருவுக்குள் விடாத தீட்டை ஆட்டத்துக்குள் இறக்கிவிட்டு, மருதாசலம் வருஷா வருஷம் பரிசுக் கிடாயை ஓட்டிக்கொண்டு போனார். கெட்டிக்காரர்தான்.

காத்தானுக்குத்தான் மனசு ஆறவில்லை. பிடிபடாத காத்தானாம். பிடிக்க வந்தவன் யார்? காலில் நிஜமாகவே திறமை இருக்கிறதா, இல்லை சாதிதான் ஆடுகிறதா? இது தெரியாமலே செத்துப்போவோமோ என்று பயந்தான்.

"ஒருக்காவாச்சும் எவனாச்சும் புடிச்சுப் பாக்கோணும்," என்று மனைவி சின்னாயியிடம் புலம்புவான்.

"செயிக்கறது கசக்குதாக்கும்," என்பாள் அவள்.

அந்த வருஷக் கடைசி ஆட்டம் வேலூர்க்காரர்களோடு. காத்தான் பாடிக்கொண்டு போனான். வழக்கம்போல எல்லோரும் சிதறினார்கள். வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகன் கந்தவேல் மட்டும் நின்றான். இரண்டு வருஷம் ஓடி ஓடி வெட்கப்பட்டவன். பாய்ந்து காத்தானின் கணுக்காலைப் பிடித்தான்.

காத்தானுக்கு ஒரு கணம் பாட்டே மறந்துவிடும் போலிருந்தது. பிறகு இழுத்தான். கந்தவேலோடு மணலை உழுதுகொண்டு கோட்டை நோக்கிப் போனான். ரோஷம் வந்து இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்தான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் மூச்சு அறுந்தது.

மணலில் கிடந்தபடியே காத்தான் சிரித்தான். தோற்றவன் அப்படிச் சிரித்து அந்தக் கூட்டம் பார்த்ததில்லை.

மருதாசலம் சிரிக்கவில்லை. "புடிபடறவன் எனக்கெதுக்குடா? இனி ஏரோட இரு," என்று சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார்.

அந்தப் பக்கம் கந்தவேலை அவன் அப்பா தண்ணீருக்கு விரட்டினார். தலை முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாதாம். அதைப் பார்த்ததும் காத்தானின் சிரிப்பு அடங்கியது. துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"காத்தா, நில்லு." ஈரம் சொட்டக் கந்தவேல் பின்னாலேயே வந்தான். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "காலா அது, நொகத்தடியா? தோளே கழண்டுபோச்சு. நாங்க தெனமும் வெடியால, கோழி கூப்புடறப்ப, இங்கதான் ஆடறோம். நீயும் வா."

"உங்கப்பாரு முழுவச் சொல்லுவாருங்களே."

"ஆடி முடிச்சா எப்படியும் ஆத்துல உழுந்துதான எந்திரிக்கறோம்."

காத்தான் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தான். ஐந்து விரலும் பதிந்து கன்றியிருந்தது.

"புடிக்கறதா இருந்தா வாரேனுங்க," என்றான்.