அலை என்று சொன்னேன்

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் அண்ணன் குன்ஸ்டெயினும் ஒரு திமிங்கிலக் குட்டியைக் கொன்றோம். படகை ஓட்டியவன் அவன். முன்னால் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

வடகடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஹூசாவிக். அதன் துறைமுகத்திலிருந்து பத்தொன்பது வருடங்களாக எங்கள் 'ஸ்வாலா' படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திமிங்கிலம் காட்டிவந்தோம். அன்று முப்பத்தோரு பேர். விரிகுடா முழுக்கப் பனி மூட்டம். இரண்டு மணி நேரம் சுற்றியும் ஒன்றும் கண்ணில் படவில்லை. பாதிப் பேர் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தார்கள்.

அப்போது வயர்லெஸ்ஸில் இன்னொரு படகின் ஆர்ன்கிரிமூர் கூப்பிட்டான்.

"குன்ஸ்டெயினு, எங்கடா சுத்திக்கிட்டிருக்க? இங்க மேக்கால மலையடியில நீலத் திமிங்கிலம் நிக்குது. நீ என்ன, உன் ஆளுங்களுக்குக் கடல்காக்கா காட்டுறியா?"

வயர்லெஸ்ஸில் அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அண்ணனுக்கு எதுவும் பொறுக்கும், தன்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் பொறுக்காது. வேகத்தைக் கூட்டினான். நான் சுக்கான் அறைக்குள் தலையை நீட்டினேன்.

"அண்ணே, பனி இன்னும் விலகல. மெதுவா போ."

"நீ போய் முன்னாடி நில்லு. எதாச்சும் தெரிஞ்சா கையத் தூக்கு."

போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் டால்பின்கள் வந்தன, ஏழெட்டு. படகின் முன்முனையோடு போட்டி போட்டுக்கொண்டு பாய்ந்தன. சுருண்டு கிடந்தவர்களெல்லாம் எழுந்து ஓடி வந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, அவற்றின் வெள்ளை மூக்கைப் பாருங்கள், முதுகுக் கோடுகளைப் பாருங்கள் என்று விவரித்துக்கொண்டிருந்தேன். கம்பியில் சாய்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் மூட்டை விழுந்தாற்போல படகின் அடியில் ஒரு சத்தம். படகு தூக்கிப்போட்டது. ஒருவர் முழங்காலில் விழுந்தார். இன்ஜின் ஒரு முறை திணறி மறுபடி ஓடியது. டால்பின்கள் இல்லை.

அண்ணன் ஜன்னலிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டான். உதடுகள் வெளுத்திருந்தன.

"அலைன்னு சொல்லு."

"அண்ணே, அது அலை இல்ல."

"எனக்குத் தெரியாதா? சொல்லு, ஹல்பெரா."

பெரிய அலை ஒன்று மோதிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

படகுக்குப் பின்னால், கல்லெறி தூரத்தில், தாய் மேலே வந்தது. கூன்முதுகுத் திமிங்கிலம். அதன் மூக்கின்மேல் குட்டி கிடந்தது. தாய் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தது. குட்டி ஒருபக்கமாக வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கியது. எங்கள் ஆட்கள் ஆனந்தத்தில் கத்தினார்கள். ஒருவர் தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "குட்டியோட விளையாடுது பாரு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். குட்டியின் முதுகில் சம இடைவெளி விட்டு மூன்று வெட்டுகள் இருந்தன. ப்ரொப்பெல்லர் வெட்டியவை. உள்ளே கொழுப்பு வெள்ளையாகத் தெரிந்தது.

போஷெனா என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் ஊர் மீன் ஃபேக்டரியில் வேலை செய்கிறவள். போலந்திலிருந்து வந்திருந்த தன் அம்மாவுக்குத் திமிங்கிலம் காட்ட அழைத்து வந்திருந்தாள்.

"ஹல்பெரா, பதினாலு வருஷமா கத்தி புடிக்கிறவ நான். வெட்டுக் காயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எதுக்கு எல்லாரும் கை தட்டுறாங்கன்னு எங்கம்மா கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

மைக்கை எடுத்தேன். முன்பு நான் சொன்னது பொய், படகுதான் மோதியது, அந்தக் குட்டி செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். கைதட்டல் நின்றது. அந்த மனிதர் மகளைத் தோளிலிருந்து இறக்கி அவள் முகத்தைத் தன் மேல் சேர்த்துக்கொண்டார். யாரோ சுக்கான் அறையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு வெளியே வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு படகின் பின்பக்கம் நின்றான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. குட்டியின் மூச்சு முதலில் அடிக்கடி கேட்டது. பிறகு இடைவெளி நீண்டது. பிறகு கேட்கவில்லை. தாய் தூக்குவதை நிறுத்தவில்லை.

திரும்பும்போது வழக்கம்போல எல்லோருக்கும் சூடான கொக்கோ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கியவர்கள் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்கள். அண்ணன் தானாகவே துறைமுகத்துக்குத் தகவல் சொன்னான்.

"ஸ்வாலா பேசுறேன். குட்டித் திமிங்கிலத்த இடிச்சிட்டேன். பனியில வேகமா வந்தேன். தப்பு என்னுது."

"நான் முன்னாடி பாக்கலைங்கிறதையும் சொல்லுண்ணே."

"நீதான் சொல்லிட்டியே, மைக்குல, ஊருக்கே கேக்குற மாதிரி. இன்னும் என்ன சொல்லணும்?"

தாய் நான்கு நாட்கள் அந்தக் குட்டியை விடவில்லை. எந்தப் படகும் பக்கத்தில் போகவில்லை. ஐந்தாம் நாள் ஆற்றுமுகத்து மணலில் குட்டி ஒதுங்கியது. ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அண்ணன்தான். பொக்லைன் குழி தோண்டி மூடும்வரை இருந்துவிட்டு, கடலில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதன் பிறகு அவன் சுக்கானைத் தொடவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் குவிந்திருந்த பனியை, நான் கேட்காமலே, மண்வாரியால் அள்ளித் தள்ளினான். நானும் இன்னொரு மண்வாரியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துகொண்டேன். பாதியில் நிறுத்திக் கேட்டான்.

"நீ மைக்க எடுக்காம இருந்திருந்தா, நானா சொல்லியிருப்பேன்னு நெனக்கிறியா?"

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல" என்றான். மறுபடி குனிந்து பனியை அள்ளத் தொடங்கினான்.