யாருக்கு நஷ்டம்

புரொஜக்டர் சூடாகி லேசாக வாடை அடிக்கத் தொடங்கியபோது கலெக்டரின் குழு முன்னால் வந்தது. கலெக்டர் என்பது வகுப்பு வைத்த பெயர். நிமிர்ந்து நடப்பாள், வணக்கம் சொன்னால்கூட உத்தரவு மாதிரி இருக்கும். பி.பி.ஏ. கடைசி வருடம். சாப்பாட்டுக்குப் பின் வரும் பீரியடில்தான் எப்போதும் எனக்கு 'தலைமைப் பண்பும் படைப்பாற்றலும்' பாடம் நடத்த ஒதுக்குவார்கள். பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். நானும் பேசிக்கொண்டே தூங்கப் பழகியிருந்தேன்.

தேர்வுக்குப் பதில் ஒரு வேலை கொடுப்பது என் வழக்கம். கல்லூரியில் ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்ட வேண்டும். செலவும் கூடாது, சண்டையும் கூடாது, பேசியே முடிக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன் நான். விலை படியாமல் எழுந்தவரை மறுபடி ஸ்டூலில் உட்காரவைக்க அப்பா செய்ததற்கெல்லாம் ஆங்கிலப் பெயர் சூட்டி ஸ்லைடாக்கியிருக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார், அப்புறம் வாயைத் திற. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

முந்தைய குழுக்கள் வழக்கம்போல் குப்பைத்தொட்டியை இடம் மாற்றியிருந்தார்கள். போன வருடக் குழு நகர்த்திய அதே தொட்டிதான். பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

கலெக்டர் ரிமோட்டை அழுத்தினாள். "நாங்க மாத்தினது இந்த சப்ஜெக்ட்டை சார். இன்டர்வியூல இதை யாரும் கேக்கறதில்ல. ஜூனியர்ஸ்கிட்ட பேசினோம். நிறைய பேருக்கு வேலை கிடைச்சா நம்ம டிபார்ட்மென்ட் எச்.ஓ.டி.க்குத்தான் நல்ல பேரு, அதை அவர்கிட்ட சொன்னோம். அடுத்த வருஷம் இதுக்குப் பதிலா டேட்டா அனலிடிக்ஸ். சரின்னுட்டார்."

வகுப்பு கைதட்டியது, தூங்கியவர்கள் உட்பட.

எனக்கு இருப்பது இந்த ஒரு பாடம்தான். வேலையோ வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். பாடம் போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் அண்ணன் கடையில் பில் போடும் மேசை. "அங்க பேசறதை இங்க வந்து பேசேன்டா, நாலு துணியாவது விக்கும்" என்பார் அண்ணன், வீடு நிறைய ஆள் இருக்கும்போது பார்த்து. அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே போவார்.

ஒவ்வொரு குழுவிடமும் நான் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. அன்றைக்குக் கேட்காமல் விட்டிருக்கலாம். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"இதுல யாருக்கு நஷ்டம்?"

அதற்கும் ஸ்லைடு வைத்திருந்தாள். நீலப் பின்னணியில் பெரிய எழுத்து: யாருக்கும் இல்லை.

நன்றாகத்தான் செய்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் சொல்லிக்கொடுத்தது உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது இந்த ஒரு தடவைதான். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு போட்டேன்.

மணி அடித்ததும் கலெக்டர் மட்டும் மேசையருகில் வந்தாள். பேரத்துக்கு வந்திருக்கிறாள் என்று நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

"அந்த ஒரு மார்க் எதுக்கு சார் குறைஞ்சது?"

"கடைசி ஸ்லைடு தப்பும்மா."

"அப்ப யாருக்கு சார் நஷ்டம்?"

நான் புரொஜக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடிக்கும்வரை என்னையே பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"உங்களுக்கு வேற சப்ஜெக்ட் குடுத்துடுவாங்கன்னு நினைச்சோம் சார்."

"எச்.ஓ.டி.கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"சரி விடு. நானும் கேட்டதில்ல."

உண்மைதான். வருடா வருடம் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேனே தவிர, நிரந்தரம் செய்யுங்கள் என்று அந்த எச்.ஓ.டி. அறைக் கதவை ஒருநாளும் தட்டியதில்லை. இந்த லட்சணத்தில் தலைமைப் பண்பு வாத்தியார்.

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவின் கோடியில், அதே கதவுக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள், பின்னால் அவள் குழு. தட்டத் தூக்கிய கை என்னைக் கண்டதும் அந்தரத்தில் நின்றது. மாடிப்படிக்கு அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நெருங்கினேன். அவள் கையை இறக்கி, கதவுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, சற்றே ஒதுங்கினாள். என் கையில் புரொஜக்டர் இன்னும் சூடாக இருந்தது.