செலனி சோபாக் கடை வழங்கும் மௌனம்

டோப்ரி ஊரில் காலை வேளையில் ரோஸி ஹவெல்காவின் குரலைப் போல இனிமையான குரல் கிடையாது. மாலையானால் அதைப் போல நாராசமும் கிடையாது. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான். குற்றம் குரலில் இல்லை. அவள் அறிவிப்பாளராக இருந்த ஊர் வானொலி நிலையத்துக்குக் கிடைத்த அலைவரிசை, செயிண்ட் லூயிஸ் நிலையத்தின் தோளை இடித்துக்கொண்டு நின்றது. நானூறு மைல் தாண்டி நெப்ராஸ்காவின் மக்காச்சோளக் காடுவரை வந்து சேரும் பேஸ்பால் ஆட்டத்தை, ரோஸியின் பன்றிச் சந்தை விலை அறிவிப்பும் போல்கா நடனப் பாட்டும் சேர்ந்து கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடும். சூரியன் மறையும் நேரத்தில் நிலையத்தை மூடிவிட வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. அந்த நேரத்துக்காக ஊரே ரேடியோ முள்ளில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். வாயை மூடினால்தான் நல்ல பெயர் என்கிற வேலை வேறு யாருக்கு வாய்க்கும்?

இதில் கொடுமை, ரோஸியே செயிண்ட் லூயிஸ் அணிக்குப் பைத்தியம். பன்னிரண்டு வருடமாக ஓர் ஆட்டத்தையும் அவள் முதலிலிருந்து கேட்டதில்லை.

அந்த செப்டம்பர் மாதம் ஒரு நாள் மதியம் தம்பி லெனர்டிடமிருந்து போன் வந்தது. நாலு வருடமாகச் சின்ன அணிகளில் பந்து எறிந்து கொண்டிருந்தவனை செயிண்ட் லூயிஸ் கூப்பிட்டுவிட்டது. அன்று மாலை அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். ஆறு மணி ஆட்டத்தில் முதல் பந்தே அவன்தான் எறியப் போகிறான். ரோஸி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். சுற்றி முடிக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தாள். செப்டம்பரில் நிலையம் மூடுவது ஆறே முக்காலுக்கு. லெனர்டோ ஆரம்பத்தில் ஒன்று புலி, இல்லாவிட்டால் எலி. எலியாக இருந்தால் கால் மணி நேரத்தில் தூக்கிவிடுவார்கள். இவள் வாயை மூடி ரேடியோவைத் திருப்பும்போது தம்பி குளித்துச் சட்டை மாற்றியிருப்பான். இனி அவனை இன்னொரு முறை கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, யார் கண்டது?

இன்றைக்கு மட்டும் ஆறு மணிக்கே மூடிவிடலாமா என்று நிலையத்தின் முதலாளி கிளீமாவிடம் போய் நின்றாள். அவர் நல்லவர், கொஞ்சம் பயந்தவர்.

"ஆறு மணியிலருந்து மூடுற வரைக்கும் செலனி விளம்பரத்துக்குக் காசு கட்டி எடுத்த நேரம், ரோஸிம்மா. அவர் சரின்னா எனக்கும் சரி. நீயே கேட்டுக்கயேன்."

கேட்பதற்கு ஊரில் எத்தனையோ பேர் இருக்க, செலனியா கிடைத்தார்? லெனர்டுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவன் எறிந்த பந்து செலனி சோபாக் கடையின் முகப்புக் கண்ணாடியைச் சுக்குநூறாக்கியது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஹவெல்கா குடும்பத்தில் யாரும் அந்தக் கடை ஸ்டூலில்கூட உட்கார்ந்ததில்லை. ரோஸி போன் செய்தாள். அவள் பெயரைக் கேட்டதும் மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

மணி ஆறு. ரோஸி தேனொழுகும் குரலில் செலனி கடைச் சோபாவைப் புகழ்ந்துவிட்டு போல்காவைப் போட்டாள். அக்கார்டியன் குதித்தது. உடனே அம்மா போனில் வந்தாள்.

"அடியே, அந்தச் சனியனை நிறுத்துடி. நடுநடுவுல தம்பி பேரு மாதிரி ஏதோ கேக்குது."

"என் கையில இல்லம்மா."

"நிலையத்தை அணைக்கிற கைப்பிடி உன் கையிலதானே இருக்கு?"

"வேலை போயிடும்மா."

"வேலை போனா வீட்டுக்கு வந்து உக்காரு. இவன் ஆட்டம் போனா எங்கடி போய்த் தேடுவ?"

ரோஸிக்கு அழுகை முட்டியது. அடுத்த போன் பாதிரியாரிடமிருந்து. "ஆண்டவருக்கு மௌனம் பிடிக்கும், தெரியுமில்ல மகளே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆறு ஒன்பதுக்குக் கதவு தடாலென்று திறந்தது. செலனி. காதில் டிரான்சிஸ்டர், கையில் ஒரு துண்டுக் காகிதம், முகம் பீட்ரூட். கிளீமா எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப ஓடுறது யாரோட நேரம்?"

"உங்களோடதுதான் சார்," என்றாள் ரோஸி.

"என் சோபாவுல நான் உக்காருவேன், படுப்பேன், வேணும்னா சும்மாவும் போட்டு வைப்பேன். கேக்க ஆள் உண்டா?"

"இல்லைங்க சார்."

"அப்ப இதைப் படி. சீக்கிரம். உன் தம்பி எதிராளிங்களை விட்டு மூணு பேஸையும் ரொப்பி வச்சிருக்கான், மூணு பேரை அவுட்டாக்கினாத்தான் தப்பிப்பான், இன்னும் ஒருத்தன்கூட அவுட் இல்ல. அதுக்கு மேல கேக்க விடாம உன் அக்கார்டியன் உசிரை வாங்குது."

"உங்களுக்கு அவன் மேல கோபம்னு…"

"கோபம்தான். அதுக்கு? அறுபதடி தள்ளி நின்னு என் கண்ணாடிக்கு நட்டநடுவுல போட்டவன் அவன். அந்தக் கை என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

ரோஸி காகிதத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலிவாங்கியில் படித்தாள்:

"நேயர்களே, அடுத்த முப்பத்தாறு நிமிட மௌனத்தை உங்களுக்கு வழங்குவோர், செலனி சோபாக் கடை, மெயின் தெரு."

கைப்பிடியை இறக்கினாள். அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது. டிரான்சிஸ்டரிலிருந்தும் தெருவில் திறந்திருந்த ஜன்னல்களிலிருந்தும் ஒரே குரல் கிளம்பியது: "…நெப்ராஸ்காவின் டோப்ரி என்ற சின்ன ஊரிலிருந்து வந்திருக்கும் இடதுகைக்காரர், லெனர்ட் ஹவெல்கா…"

டோப்ரி. செயிண்ட் லூயிஸ்காரன் வாயால் டோப்ரி. ஊர் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. லாரிகள் ஹாரன் அடித்தன, பாதிரியார் மணியை அடித்தார். கத்தி ஓய்ந்தபோது முதல் ஆள் அவுட்டாகியிருந்தான். எப்படி அவுட்டானான் என்று அன்றைக்கு டோப்ரியில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது ஆள் அடித்தது உயரே கிளம்பி லெனர்டின் கைக்கே வந்தது. மூன்றாவது ஆள் தடியன். இரண்டு ஸ்ட்ரைக் ஆயிற்று, இன்னொன்று விழுந்தால் அவன் அவுட்; பிறகு வரிசையாக மூன்று பந்து தவறிப் போயிற்று. நாலாவதும் தவறினால் எதிரணிக்கு ஓர் ஓட்டம் இலவசம். ரோஸி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் தேய ஆரம்பித்தது. வெளிச்சம் முழுசாக இறங்காத வேளையில் தூரத்து நிலையம் அப்படித்தான், வரும், போகும். தெரு முழுக்க ஒவ்வொரு ரேடியோவாக இரைச்சலில் மூழ்கியது.

"போச்சு," என்றார் செலனி.

ரோஸி டிரான்சிஸ்டரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். செருப்பை உதறிவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினாள். பின்னால் செலனி, அவர் பின்னால் கிளீமா. கொல்லையில் நிலையத்தின் ஒலிபரப்புக் கோபுரம் இருநூறடி உயரத்துக்கு நின்றது.

"அதைத் தொடாத ரோஸிம்மா, தூக்கி அடிச்சிடும்."

"அணைச்சாச்சு சார்."

அவள் டிரான்சிஸ்டரைக் கோபுரத்தின் இரும்புக் காலோடு ஒட்டி வைத்தாள். நாள் முழுக்க ஊருக்குப் பேசிய கோபுரம் இப்போது அவளுக்காகக் கேட்டது. குரல் பக்கத்தில் நிற்கிற ஆளுடையதைப் போல எழுந்தது. தடியன் ஒரு பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டித் தப்பித்தான். இன்னொன்றையும் தட்டினான். லெனர்ட் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொள்கிறான் என்றது குரல். ரோஸிக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் அப்படித்தான் செய்வான். எறிந்தான். தடியன் மட்டையைச் சுழற்றினான். காற்றுதான் கிடைத்தது.

செலனியும் கிளீமாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ரோஸியும் குதித்தாள், சட்டென்று நின்றாள். ஊர் கப்சிப்பென்று இருந்தது. ஒரு ஹாரன் இல்லை, ஒரு கூச்சல் இல்லை. டோப்ரியில் இதைக் கேட்டது இந்த மூன்று பேர் மட்டும்தான். அம்மா ரேடியோவில் காதை ஒட்டவைத்து, வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பாள்.

ரோஸி உள்ளே ஓடிக் கைப்பிடியில் கையை வைத்தாள். பின்னாலேயே செலனியோடு கிளீமா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"திரும்பப் போட்டா எல்லாருக்கும் ஆட்டம் அடைச்சுக்கும்மா."

"மூணே செகண்டு சார்." அவள் செலனியைப் பார்த்தாள். நேரம் அவருடையதல்லவா?

"ரெண்டு," என்றார் செலனி.

கைப்பிடியை ஏற்றினாள். பன்னிரண்டு வருடத்தில் 'வணக்கம் நேயர்களே' என்று தொடங்காமல் அவள் ஒலிவாங்கியில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அம்மா, மூணு பேரும் அவுட்டும்மா."

இறக்கிவிட்டாள். பிறகு அம்மா வீட்டுத் திசையிலிருந்து முதல் ஹாரன் கேட்டது. அம்மாவுக்குக் காரும் கிடையாது, ஓட்டவும் தெரியாது. பக்கத்து வீட்டு லாரி ஜன்னலுக்குள் கையை விட்டு அமுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று ரோஸிக்குப் புரிந்தது. ஊர் ஹாரன்கள் எல்லாம் சேர்ந்துகொண்ட பிறகும் அது ஒன்று மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது.