நான்காம் கட்டத்தில் ஆறு

தையல்காரியின் மூத்த மகள் ஒரு திங்கட்கிழமை பதினொரு வயதோடு பள்ளி அலுவலகத்துக்குள் போய், ஆறு வயதோடு வெளியே வந்தாள். இது நடக்கும் விதம் எளிது. அடைக்கலம் தேடி வந்த பிள்ளைக்கு அந்த நாட்டு மொழி தெரியாவிட்டால் முதல் வகுப்பு. முதல் வகுப்புக்கு வயது ஆறு. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் குமாஸ்தா வயதை அதைப் பார்த்து எழுதுவார், இல்லாவிட்டால் முதலில் சேரும் வகுப்பைப் பார்த்து எழுதுவார். படிவத்தின் நான்காம் கட்டத்தில் எழுதிய மை காய்வதற்குள் பிள்ளையின் கால்சட்டை தரையைப் பெருக்கத் தொடங்கிவிடும். மூத்தவளின் சான்றிதழ், ஊரில் அவள் ஆறாவது படித்த பள்ளியின் பீரோவில் மாட்டிக்கொண்டது. ஆறு வயதுச் சின்னவளை அதுவரை எங்கும் சேர்க்காததால், அவளுடையது அம்மாவின் கைப்பையிலேயே கூட வந்துவிட்டது.

"சார், காலையில இவ என் தோள் உயரம் இருந்தா," என்றாள் தையல்காரி.

"பேப்பர் வந்ததும் மாத்திக்கலாம்மா. அடுத்த ஆளு வாங்க."

சான்றிதழ் இல்லாத சேர்க்கை தற்காலிகமானது. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். குமாஸ்தா பழைய படிவத்தைப் பார்த்தே புதியதை நிரப்புவார். ஆகவே ஐந்து வருடமும் மூத்தவளுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு. பின்னங்களைக் கூட்டத் தெரிந்தவள் பந்துப் படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் வகுப்பு ஏறி, வளர்ந்து, ஐந்தாவதை முடித்தாள். தையல்காரி சின்னவளின் பழைய உடுப்புகளைப் பிடித்துத் தைத்து மூத்தவளுக்குப் போட்டாள். சண்டை வந்தால் யாரை விட்டுக்கொடுக்கச் சொல்வதென்று தெரியாமல் இருவரையும் சேர்த்தே திட்டினாள்.

"அக்கா, இந்தக் கணக்கு வரல," என்று சின்னவள் குனிந்து நோட்டை நீட்டுவாள்.

"முதல்ல என்னைத் தூக்கி நாற்காலியில உக்கார வை. அப்புறம் சொல்றேன்."

அந்த வருடக் கடைசியில் சான்றிதழ் தபாலில் வந்தது. தையல்காரி அதையும் மூத்தவளையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். குமாஸ்தா விரல் விட்டு எண்ணினார்.

"பதினாறு ஆயிடுச்சேம்மா. பதினஞ்சுக்கு மேல இங்க இடமில்ல. இதை எழுதினா இன்னைக்கே பேரை எடுத்துடணும்."

தையல்காரி நீட்டிய சான்றிதழைப் பாதி இழுத்துக்கொண்டாள். மகளுக்கு உடம்பை வாங்கிக் கொடுப்பதா, பள்ளிக்கூடத்தையா?

"எனக்குத்தான் இப்ப மொழி தெரியுமே சார்," என்றது மேசைக்குக் கீழிருந்து ஒரு குரல். "பரீட்சை வச்சு மேல ஏத்த முடியாதா?"

"கேட்டா வைப்போம்."

"அஞ்சு வருஷமா ஏன் சார் சொல்லல?" என்றாள் தையல்காரி.

"நீங்க கேக்கலையேம்மா."

அவர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். வகுப்பு மாறினாலும் வயது பழைய படிவப்படிதான். ஆறு வயதுப் பிள்ளை ஏழாம் வகுப்பில் உட்காரக் கூடாதென்று அதில் எங்கும் இல்லை.

"அம்மா, அதை உள்ள வை," என்றாள் மகள்.

 தையல்காரி சான்றிதழை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். "பேப்பர் இன்னும் வரல சார்."

"வந்ததும் சொல்லுங்க," என்றார் குமாஸ்தா, பேனாவைத் திறந்தபடி.

பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதியபோதும் அவளுக்கு ஆறு வயதுதான். கண்காணிப்பாளர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு அடியில் ஒரு பலகையை நகர்த்தி வைத்தார்.