சொந்த அபிப்பிராயம்

சனிக்கிழமை வகுப்பு மட்டும் இல்லையென்றால் லிஜாவுக்கு வாரத்தில் ஏழு நாளும் சொந்த ஊரான அமரவிளைதான். அவள் தபால் வழியில் பி.ஏ. படித்தாள். பாடங்கள் தபாலில் வரும். தொண்ணூற்று நான்கிலிருந்து பேராசிரியர் பேசிய கேசட்டுகளும் வரத் தொடங்கியிருந்தன. சனிக்கிழமை பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நேரில் வந்து வகுப்பெடுப்பார். அது முடிந்ததும் தோழி ஸ்வப்னாவோடு சாயா, பிறகு நூலகம், கையில் ஒரு ரஷ்ய நாவல், ஐந்தரை பஸ். இத்தனைக்கும் சேர்த்து அப்பா ராஜையாவிடம் அவள் சொல்லியிருந்த ஒரே பெயர் ‘வகுப்பு’.

அந்தச் சனிக்கிழமை, மையத்தின் பொறுப்பாளர் வேதமாணிக்கம் சார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கேசட்டும் நேர்வகுப்பும் கலந்த இந்த முறையைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியவேண்டுமாம். பெயர் எழுத வேண்டாமாம்.

“முக்கால் மணிக்கூர் உண்டு. பேசாம எழுதணும்,” என்றார், பழக்க தோஷத்தில்.

அது போதும். நாற்பது பேரும் பரீட்சைக்கு உட்கார்ந்ததுபோல் நிமிர்ந்தார்கள். லிஜாவும்தான். கேட்பது யார்? பல்கலைக்கழகம். கேசட் போட்டது யார்? அதே பல்கலைக்கழகம். சரியான விடைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கேசட்டின் சிறப்புகளை ஏழு தலைப்புகளில் அடுக்கி, ‘நேர்வகுப்பு இனி அவசியமில்லை’ என்று முடிவுரை எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டாள்.

பின்னாலிருந்து ஷிஜு பேனாவால் முதுகில் குத்தினான்.

“மக்கா, தாளைக் கொஞ்சம் சரிச்சு வை.”

“எலே, இது சொந்த அபிப்பிராயம் ஆக்கும்.”

“எனக்குச் சொந்தமா ஒண்ணு உண்டுன்னா, நான் என்னத்துக்கு உனக்குப் பொறத்தால வந்து இருக்கேன்?”

சரித்து வைத்தாள். ஷிஜுவிடமிருந்து ஆதித்யனுக்கு, அங்கிருந்து கடைசி பெஞ்சுவரை, அடிக்கோடு உட்பட எல்லாம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. இருபத்துநான்கு கேசட்டுகள், மேலே ஒரு கடிதம். மாணவர்கள் வியக்கத்தக்க ஒற்றுமையோடு தெரிவித்த விருப்பத்தை மதித்து, பாறசாலை நேர்வகுப்புகள் நிறுத்தப்படுகின்றன.

ராஜையா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பல்கலைக்கழகத்தின்மேல் அவருக்கு முதல்முறையாக மதிப்பு வந்தது.

“நல்ல காரியம். இனி பஸ்ஸுக்கு நிக்காண்டாம், வீட்டில இருந்து கேட்டா போரும். ஆருக்க புத்தியாக்கும் இது?”

“தெரியாதுப்பா,” என்றாள் லிஜா.

சனிக்கிழமை அவள் முதல் கேசட்டைப் போட்டாள். பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசிவிட்டு, “யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்,” என்று சொல்லிக் காத்திருந்தார். நாடா இரைந்துகொண்டே ஓடியது. லிஜா தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள், “நல்லது, ஒருவருக்கும் சந்தேகம் இல்லை,” என்றார் பேராசிரியர்.